பழைய பெல் ஏர் காரில் புது பெட்ரோல் பைப்: சேசிஸோடு இழுத்துக் கட்டும் முறை

1957 செவர்லே பெல் ஏரில் பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில். வி8 எஞ்சினின் பம்ப்போ முன்பக்கம், வலது ஓரத்தில். நடுவில் பத்தடிக்கும் மேல் பைப் ஓடவேண்டும். இத்தனை வருடம் உழைத்த பைப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு உதிரும். மாற்றிவிடுவதுதான் நல்லது.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றி, டேங்கைக் காலி செய்யுங்கள். காரேஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அணைத்துவிட்டுத்தான் பெட்ரோலைத் தொடவேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து ஹீட்டரின் சுடர்வரை போய்விடும்.

பைப் வாங்குவது

இந்த மாதிரி கார்களில் 5/16 அங்குலம் அல்லது 3/8 அங்குல பைப் இருக்கும். உங்களுடையதை அளந்து பார்த்து வாங்குங்கள். முதல்முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது செம்பு-நிக்கல் கலவை பைப்: கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகு, ஆனால் ஃபிளேர் (பைப் முனையைப் புனல்போல விரிப்பது) போடுவதற்குள் உயிர் போய்விடும். வெறும் செம்பு பைப் வேண்டவே வேண்டாம். அதிர்வில் இறுகி, விரிசல் விட்டுவிடும்.

வழி பார்ப்பது

பழைய பைப்பைத் தூக்கி எறியாதீர்கள். எங்கே வளைகிறது, எங்கே கட்டியிருக்கிறது என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. அது துண்டு துண்டாக வந்தால், கெட்டியான கம்பி ஒன்றை வண்டிக்கு அடியில் வைத்து வளைத்து மாதிரி எடுங்கள்.

சேசிஸ் சட்டம் பெட்டிபோல மூடியிருப்பதால், பைப்பை அதற்குள்ளேயே நுழைத்துவிட்டால் பாதுகாப்பு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உள்ளே பைப்பைக் கட்ட வழியில்லை. ஆடி ஆடி உரசும், சேறும் ஈரமும் தங்கும், கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. சட்டத்தின் உட்பக்க முகத்தை ஒட்டி இழுப்பதே சரி. குறுக்குச் சட்டத்தைத் தாண்ட ஏற்கெனவே உள்ள துளை வழியாகத்தான் போகவேண்டும் என்றால், அதில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு பைப்பை அறுக்காமல் காக்கும் வளையம்) போடுங்கள். துளைக்குள் ஜாயின்ட் வரக்கூடாது. சட்டத்தின் அடிப்பக்கமும் கூடாது: பின்னொருநாள் யாராவது ஜாக்கி வைத்து நசுக்கிவிடுவார்கள்.

சைலன்சர் பைப்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். முடியாத இடத்தில் நடுவே வெப்பத் தகடு வையுங்கள். சூட்டில் பெட்ரோல் பைப்புக்குள்ளேயே ஆவியானால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

வளைப்பதும் ஃபிளேரும்

டேங்க் பக்கத்தில் தொடங்கி, பெண்டரால் (பைப் வளைக்கும் கருவி) ஒவ்வொரு வளைவாகப் போட்டு, வண்டியில் வைத்துப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். பைப்பை வெட்டியதும் உள்விளிம்புப் பிசிரைச் சுரண்டி எடுங்கள்.

அப்புறம், நட்டைப் பைப்பில் மாட்டிய பிறகுதான் ஃபிளேர் போடவேண்டும். கச்சிதமாக ஒரு டபுள் ஃபிளேர் (விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக்குவது) போட்டு முடித்துவிட்டு, மேசையில் கிடந்த நட்டைப் பார்த்து நான் விழித்தது இன்னும் நினைவிருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போட்டேன், பைப் ஒரு அங்குலம் குறைந்தது. ஃபிளேர் ஜாயின்ட்டில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். கிழிந்த துணுக்கு கார்புரேட்டருக்குப் போகும்.

எல்லாம் முடிந்ததும் கம்ப்ரெஸர் காற்றால் ஊதுங்கள். செதில்கள் பறந்து வருவதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

கட்டுவது

ரப்பர் உறை உள்ள கிளாம்ப், ஒன்றரை அடிக்கு ஒன்று. புதுத் துளை போட நேர்ந்தால் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளைத் தொடாமல் பக்கவாட்டின் நடுவில் போடுங்கள்.

ஓடும்போது எஞ்சின் அசையும், சேசிஸ் அசையாது. அதனால் பம்ப்புக்குப் போகும் கடைசித் துண்டு வளையக்கூடிய ஹோஸாக இருக்கவேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஃபியூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஹோஸ் ஏறும் பைப் முனையில் சின்னதாக ஒரு மேடு எழுப்பினால் உருவி வராது.

சோதனை

டேங்கில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் வெள்ளைக் காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். சொட்டவில்லை என்று நிம்மதியாகிவிடாதீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஜாயின்ட் தளர்ந்திருந்தால் வெளியே சொட்டாமல் உள்ளே காற்று புகும். எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடிவிட்டுத் திணறும். இது தெரியாமல் நான் இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் டேங்க் பக்கத்து ஹோஸ் கிளாம்ப்பை அரைச் சுற்று இறுக்கியதும் சரியாகிவிட்டது.