சின்னச் சொல்லை எப்போது அழுத்துவது?

கொழும்பு வெள்ளவத்தையில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். இலக்கணம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட ‘வெயிட் ஃபோர் மீ’ என்று மூன்று சொல்லையும் ஒரே கனத்தில் சொல்வார்கள். அது அவர்கள் பிழையில்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை, அதனால் நம் காது அதைத் தேடுவதே இல்லை. வினைக்குப் பின்னால் வரும் ‘அட்’, ‘ஃபோர்’, ‘ஓஃப்’, ‘அப்’ போன்ற சின்னச் சொல்லை எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று பார்ப்போம். கீழே, அழுத்தம் விழும் இடத்துக்கு முன்னால் ´ என்ற குறி போட்டிருக்கிறேன்.

படி 1: ‘இட்’ போட்டுப் பாருங்கள்

‘டேர்ன் இட் ஓஃப்’ வரும். ‘லுக் இட் அட்’ வராது, ‘லுக் அட் இட்’தான் சரி. ‘இட்’ நடுவில் நுழைந்தால் அது ஃப்ரேஸல் வெர்ப் (வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே பொருள் தருவது). நுழையாவிட்டால் பெரும்பாலும் ப்ரெபொசிஷனல் வெர்ப் (சின்னச் சொல் பின்னால் வரும் பெயரோடு ஒட்டி நிற்பது). பின்னால் எதுவும் தேவைப்படாத ‘சிட் டவுன்’, ‘கெட் அப்’ எல்லாம் ஃப்ரேஸல் பக்கம்.

படி 2: உருபா, இல்லையா?

இந்தப் படியில் கொஞ்சம் நில்லுங்கள். ‘லுக் அட் மீ’யில் வரும் ‘அட்’ நம் வேற்றுமை உருபு மாதிரி. ‘என்னைப் பார்’ என்னும்போது அந்த ‘ஐ’யை யாராவது அழுத்துவோமா? ஆனால் ‘லுக் இட் அப்’ என்றால் பார்ப்பது போய், அகராதியில் தேடுவது ஆகிவிடுகிறது. பொருளையே மாற்றுகிற சொல் அது, அதை விழுங்கக் கூடாது. ஆகவே ப்ரெபொசிஷனலில் வினையை அழுத்துங்கள், ஃப்ரேஸலில் சின்னச் சொல்லை: ´லுக் அட் மீ. லுக் இட் ´அப்.

படி 3: வாய்விட்டுச் சொல்லுங்கள்

மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள், குறி உள்ள இடத்தில் மட்டும் ஒரு தட்டு.

´வெயிட் ஃப மீ. ´லிஸன் ட மீ. ‘ஃபோர்’ சுருங்கி ‘ஃப’ ஆகிறது, ‘டு’ வெறும் ‘ட’ ஆகிறது.

டேர்னிட் ´ஓஃப். பிக்கிட் ´அப். முன்சொற்கள் ஒட்டிக்கொள்ளும், கடைசிச் சொல் முழுசாக வரும்.

கோல் ரோட்டில் 100ஆம் இலக்க பஸ்ஸில் இறங்கும்போதும் பழகலாம்: ‘ஐ வில் கெட் ´டவுன் ஹியர்.’ பிரித்தானியர் ‘கெட் ´ஓஃப்’ என்பார்கள். இரண்டிலும் அழுத்தம் சின்னச் சொல்லில்தான்.

படி 4: குரலின் ஏற்ற இறக்கம்

‘டேர்னிட் ´ஓஃப்’ என்று சொல்லும்போது ‘ஓஃப்’பில் குரல் உயர்ந்து இறங்கும். ‘டிட் யூ டேர்னிட் ´ஓஃப்?’ என்று கேட்டால் அதே இடத்தில் மேலே ஏறும். ‘இட்’டுக்குப் பதில் பெயர்ச்சொல் வந்தால் முக்கிய அழுத்தம் அதற்குப் போய்விடும்: டேர்ன் ஓஃப் த ´லைட்.

அப்புறம், பெயர்ச்சொல்லானால் கதை தலைகீழ். கட்டுநாயக்கவில் விமானம் மேலே கிளம்புவது டேக் ´ஓஃப். அந்தக் கிளம்பலுக்குப் பெயர் ´டேக்கோஃப்.

ஒன்றே ஒன்று மீதி. வாக்கியத்தின் கடைசியில் நின்றால் ‘ஃபோர்’ சுருங்காது, முழு ஒலியோடு வரும். ஆனால் அழுத்தம் அப்போதும் வினையில்தான்: ஹூ ஆர் யூ ´வெயிட்டிங் ஃபோர்?