ரெக்கவரி பார்ட்டிஷன்: முதல் தவறைவிட இரண்டாம் முயற்சியே எமன்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடியறையில் மடிக்கணினிகளைப் பழுது பார்க்கிறேன். விண்டோஸை மறுபடி போட முயன்று, அது பாதியில் நின்று, கடைசியில் கணினியை வாங்கியபோதிருந்த நிலைக்குத் திருப்ப கம்பெனி கொடுத்த ரெக்கவரியையும் தொலைத்துவிட்டுப் படியேறி வருபவர்கள் குறைவதே இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வந்திருக்கும் பையனும் போன வாரம் அதையே செய்தான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன். டேட்டாவை காப்பி எடுங்கள், சார்ஜரைச் செருகி வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எந்த ரெக்கவரி என்று தெரியாமலே தேடுவது

ரெக்கவரி என்ற பெயரில் இரண்டு பார்ட்டிஷன்கள், அதாவது வட்டைப் பிரித்த பகுதிகள், இருக்கலாம். சின்னது அரை ஜி.பி. முதல் ஒரு ஜி.பி. வரை இருக்கும். அதில் இருப்பது விண்டோஸின் மீட்புக் கருவிகள் மட்டுமே. அது போனால் கவலையில்லை, விண்டோஸ் நிறுவும் கோப்புக்குள்ளேயே அதன் பிரதி இருக்கிறது. பெரியது பத்து, பதினைந்து ஜி.பி. பிடிக்கும். டிரைவர்களோடு (கணினியின் பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்கள்) ஆலையிலிருந்து வந்த விண்டோஸின் முழு நகல் அதில்தான் இருக்கிறது. அண்மைக் கால மாடல்கள் பலவற்றில் பெரியது கிடையவே கிடையாது. இல்லாத ஒன்றைத் தேடி இரண்டு நாள் வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2024 ஜனவரியில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, சின்ன பார்ட்டிஷனில் இடம் போதாத கணினிகளில் ஏறவில்லை. அந்தப் பார்ட்டிஷனை 250 எம்.பி. பெரிதாக்கும் வழியை மைக்ரோசாப்டே வெளியிட்டது. அந்த வழிமுறையைப் பாதி படித்துவிட்டு, பக்கத்திலிருந்த பெரிய பார்ட்டிஷனை அழித்தவர்களும் உண்டு.

வட்டு தெரியவில்லை என்றதும் எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது

இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில், சேமிப்பக டிரைவரைக் கொடுக்காவிட்டால் விண்டோஸ் நிறுவிக்கு எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பு வட்டு கண்ணில் படாது. உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பென் டிரைவில் எடுத்து, வட்டைக் காட்டாத அதே நிறுவல் திரையில் லோட் செய்யுங்கள். புது எஸ்.எஸ்.டி. வாங்க ஓடாதீர்கள்.

எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டு, அதன் மேலேயே மறுபடி மறுபடி நிறுவுவது

இத்தனை ஆண்டுகள் கழித்தும் என்னைக் கொதிக்க வைப்பது இதுதான்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு. எங்கே நிறுவ வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும் திரையில் ஐந்து வரிகள் இருந்திருக்கின்றன. 260 எம்.பி., 16 எம்.பி. என்று புரியாத துண்டுகள். தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில், "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போடு, சுத்தமாக இருக்கும்" என்றிருக்கிறார். அழித்தாள். நிறுவல் பாதியில் நின்றது. திரும்பப் போட்டாள். மூன்று முறை.

"தம்பி, வாங்கியபோது இருந்தது அப்படியே வேண்டும். அவளுடைய பிராஜெக்டும் உள்ளேதான் இருக்கிறது" என்றார் தந்தை.

பார்ட்டிஷனை டெலீட் செய்வது பட்டாவில் பெயரை அடிப்பது போல. பட்டியலில் அந்த வரி போய்விடும், நிலம் அங்கேயேதான் இருக்கும். திரையில் 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' என்று ஒரே வரி நிற்கும் அந்த நேரத்தில் பவர் பொத்தானை அழுத்தி நிறுத்தியிருந்தால், பெரும்பாலும் எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். 'நெக்ஸ்ட்' அழுத்தியதும் கதை மாறுகிறது. புது பார்ட்டிஷன் உருவாகி ஃபார்மட் ஆகும்போது, இந்த இடம் இனி வேண்டாம் என்று விண்டோஸ் எஸ்.எஸ்.டி.க்குத் தகவல் அனுப்புகிறது. டிரிம் என்பது அதுதான். அதன்பின் எஸ்.எஸ்.டி. அந்த இடத்தைத் தானே துடைத்துக்கொள்ளும். பழைய ஹார்டு டிஸ்கில் ஃபார்மட்டுக்குப் பிறகும் பழைய டேட்டா நெடுநாள் கிடக்கும். அந்தக் காலத்துத் துணிச்சலோடு இன்றைக்கும் யோசனை சொல்பவர்களால்தான் இந்தப் பிள்ளைகள் அழுகிறார்கள்.

பட்டியல் அழிந்த நிலையிலேயே நிறுத்தியிருந்தால் செய்ய வேண்டியது இது. லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் உள்ள பென் டிரைவில் பூட் செய்து, முழு வட்டையும் வெளி ஹார்டு டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் நகலெடுங்கள். மீட்ட கோப்பை அதே வட்டில் சேமித்து, மிச்சமிருந்ததையும் நான் ஒருமுறை அழித்திருக்கிறேன். வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் அவை, திரும்பவே இல்லை. நகல் முடிந்த பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் கொண்டு பழைய பார்ட்டிஷன்களைத் தேடி, பட்டியலை எழுதுங்கள். இங்கேதான் இன்னொரு சறுக்கல் காத்திருக்கிறது. மீண்டு வரும் ரெக்கவரி சாதாரண டிரைவ் போல டி, ஈ என்று ஓர் எழுத்து வாங்கிக்கொண்டு வெளியே தெரியும். டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் அதற்குரிய ரெக்கவரி வகை எண்ணையும் மறைப்புப் பண்பையும் திரும்பக் கொடுத்தால்தான் தன் இடத்தில் அடங்கும்.

டிஸ்க் எண்ணைப் பார்க்காமல் 'கிளீன்' கொடுப்பது

டிஸ்க்பார்ட்டின் 'கிளீன்' கட்டளை, தேர்ந்தெடுத்த வட்டின் பார்ட்டிஷன் பட்டியலையே அழித்துவிடும். பென் டிரைவ் எப்போதும் டிஸ்க் 1 அல்ல. ஜி.பி. அளவைப் பார்த்துவிட்டு எண்ணைத் தட்டுங்கள்.

பிட்லாக்கர் சாவி இல்லாமல் கை வைப்பது

பிட்லாக்கர் என்பது வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. அது பூட்டியிருந்தால், 48 இலக்கச் சாவி இல்லாவிட்டால் மீட்ட சி டிரைவ் திறக்காது.

லைசென்ஸ் போய்விட்டதென்று திருட்டு விண்டோஸ் போடுவது

விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளில் சாவி மதர்போர்டிலேயே இருக்கிறது. அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் போதும். ஹோம் பதிப்போடு வந்த கணினியில் புரோ பதிப்பைப் போட்டுவிட்டுப் புலம்பாதீர்கள்.

குரோம்பேட்டைப் பெண்ணின் வட்டில் மூன்று ஃபார்மட்டுக்குப் பிறகு எதுவும் மிஞ்சவில்லை. பிராஜெக்ட் போனது போனதுதான். ஆலை நகலுக்கு வேறு வழி இருந்தது. டெல், எச்.பி., லெனோவா மூன்றுமே சீரியல் எண்ணையோ மாடலையோ வைத்து மீட்பு நகலைத் தரவிறக்கத் தருகின்றன. அடிப்பக்க ஸ்டிக்கர் தேய்ந்திருந்ததால் சீரியல் எண்ணை, விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயாஸ் அமைப்புத் திரையிலிருந்து எழுதிக்கொண்டேன். 32 ஜி.பி. பென் டிரைவில் நகலை இறக்கி, அன்று மாலையே ஏற்றினேன். முடிந்ததும் அட்மின் கட்டளைத் திரையில் ரீஏஜென்ட்சி என்ற விண்டோஸ் கருவியை ஓட்டி, மீட்புச் சூழல் 'எனேபிள்ட்' என்று காட்டுவதை அவளையே பார்க்கச் சொன்னேன். அந்தப் பென் டிரைவில் மாடல் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி, அவள் கையிலேயே கொடுத்தேன்.