சிசேரியனில் கருப்பையைத் தைக்க எந்த நூல்? மகப்பேறு மருத்துவம் பயிலத் தொடங்கியவர்களுக்கு

குழந்தையும் நஞ்சும் வெளியே வந்தபின், ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, "எந்த நூல் தரட்டும்?" என்று செவிலியர் கேட்பார். அந்த நேரத்தில் யோசிக்கத் தொடங்கினால் தாமதம்தான். கை கழுவப் போவதற்கு முன்பே விடையும் காரணமும் மனத்தில் இருக்க வேண்டும். கருப்பையை வெளியே எடுத்துத் தைப்பதா, உள்ளேயே வைத்துத் தைப்பதா என்ற விவாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. நூலைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

படி 1: வேண்டாதவற்றை விலக்குங்கள்

பட்டு, நைலான், பாலிபுரொப்பிலீன் ஆகிய கரையாத நூல்கள் கருப்பைக்கு வேண்டாம். ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் மாக்ஸ் சேங்கர் 1882இல் கருப்பையைக் கவனமாகத் தைத்து மூடும் முறையை நிலைநாட்டியபோது வெள்ளிக் கம்பியையும் பட்டையும்தான் பயன்படுத்தினார். அதற்கு முன் வெட்டைத் தைக்காமலே விடுவது வழக்கமாக இருந்ததால், அவர் முறை எண்ணற்ற தாய்மாரைக் காப்பாற்றியது. ஆனால் நம் கையில் இன்று கரையும் நூல்கள் இருக்கின்றன. ஆறிய தசைக்குள் அந்நியப் பொருள் ஒன்று காலமெல்லாம் கிடக்க வேண்டியதில்லை.

படி 2: கரையும் நாளைப் பார்க்காதீர்கள், பலம் குறையும் நாளைப் பாருங்கள்

எனக்கு நீண்ட காலம் பிடிபடாமல் இருந்த இடம் இது. புதிதாக வருபவர்களில் பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அதனால் சற்று நின்று பேசுகிறேன்.

நூல் உடலில் முழுமையாகக் கரைந்து மறைய ஒரு காலம் ஆகிறது. தசையை இழுத்துப் பிடிக்கும் பலத்தை அது இழக்க ஆகும் காலம் வேறு. பாலிகிளாக்டின் 910, அதாவது நாம் விக்ரில் என்று சொல்லும் நூல், 56 முதல் 70 நாளில் கரைகிறது. மோனோகிரில் என்னும் மற்றொரு நூல் கரைய 91 முதல் 119 நாள் ஆகிறது. இதை மட்டும் படித்தவர் மோனோகிரில்தான் அதிக நாள் தாங்கும் என்று முடிவு செய்துவிடுவார். உண்மை நேர் எதிர். இரண்டு வாரம் முடியும்போது விக்ரிலில் ஏறத்தாழ 75 சதவீதப் பலம் மிச்சம் இருக்கிறது. மூன்றாம் வார முடிவில் 50 சதவீதம். சாயமிட்ட மோனோகிரிலில் அதே இரண்டு வாரத்தில் எஞ்சுவது 30 முதல் 40 சதவீதம்தான். நூல் உள்ளே கிடக்கும், ஆனால் வேலை செய்யாது.

குரோமிக் கேட்கட் இன்னொரு ரகம். ஆடு, மாட்டின் குடலிலிருந்து எடுத்த கொலாஜனைக் குரோமிய உப்பில் பதப்படுத்திச் செய்வது. விக்ரில் நீரால் சிதைகிறது. கேட்கட்டை உடலின் நொதிகள் செரிக்கின்றன. ஆகவே தொற்று உள்ள இடத்தில் அது எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பலம் இழக்கலாம். சுற்றியுள்ள திசுவில் அழற்சியும் கூடுதல். பயனுள்ள பலம் 10 முதல் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கருப்பைக்கு எத்தனை நாள் பலம் தேவை? பிரசவம் முடிந்ததும் ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும் கருப்பை, ஒரு வாரத்தில் பாதியாகிறது. இரண்டு வாரத்தில் 300 கிராம் அளவுக்கு வந்துவிடுகிறது. நீங்கள் இறுக்கிக் கட்டிய தசையே நூலுக்குள் சுருங்கிக்கொண்டிருக்கிறது. முதல் சில நாள் ரத்தக் கசிவை நிறுத்தவும், அடுத்த இரண்டு மூன்று வாரம் விளிம்புகள் விலகாமல் வைத்திருக்கவும் நூல் தேவை. ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே நிற்கும் பிடிஎஸ் என்னும் நூல் வழக்கமான கீழ்ப்பகுதி வெட்டுக்கு ஏன் அவசியமில்லை என்பது இதிலிருந்தே விளங்கும்.

படி 3: கேட்கட்டா, விக்ரிலா?

என் கை போவது விக்ரிலுக்குத்தான். எப்போது எவ்வளவு பலம் குறையும் என்று கணிக்க முடிகிறது. முடிச்சு நழுவாமல் உட்காருகிறது. ஆனால் அரங்கில் கேட்கட் மட்டுமே இருந்தால் கலங்க வேண்டாம். இந்தியா உட்பட 7 நாடுகளில் 15,935 பெண்களைச் சேர்த்து நடந்த கொரோனிஸ் ஆய்வு, இந்த இரண்டு நூல்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. 2013இல் வெளியான முடிவின்படி, இறப்பு, தாய்க்குத் தொற்று, மறு அறுவை, ஒரு யூனிட்டுக்கு மேல் ரத்தம் ஏற்றுதல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோதும், அடுத்த கர்ப்பத்தில் ஒரு நூல் மற்றதைவிட மோசம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நூலின் பெயரைவிட, வெட்டின் இரு மூலைகளையும் கண்ணால் பார்த்து, அவற்றைச் சற்றுத் தாண்டி முதல் தையலைப் போடுவது முக்கியம். சுருங்கி உள்ளே போன ரத்தக்குழாய் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 4: அளவும் ஊசியும்

1 அல்லது 0. மெலிந்த கீழ்ப்பகுதிக்கு 0 போதும். தடித்த விளிம்புக்கு 1 எடுங்கள். கவனிக்க வேண்டிய ஒன்று: ஒரே எண்ணாக இருந்தாலும் விக்ரிலைவிடக் கேட்கட் தடிமனானது. 1 எண் விக்ரில் 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 1 எண் கேட்கட் 0.5க்கு மேல். ஊசி அரைவட்டம், உருண்டை உடல், 36 முதல் 40 மில்லிமீட்டர் வரை. வெட்டுமுனை ஊசி வேண்டாம். அது தசையைக் கிழித்துக்கொண்டு போகும்.

படி 5: உறையை வாய்விட்டுப் படியுங்கள்

விக்ரில் ரேபிட் என்றொரு நூல் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் கை மாறிவிடும். அது 5 நாளில் பாதிப் பலத்தை இழந்து, இரண்டு வாரத்துக்குள் முழுவதும் இழந்துவிடும். பிறப்புவாய்த் தையலுக்கு நல்லது, கருப்பைக்கு ஆகாது. பெயர், எண், ஊசி, காலாவதித் தேதி நான்கையும் சத்தமாகச் சொல்லி வாங்குங்கள்.

படி 6: கையாளுதல்

விக்ரில் பின்னிய நூல். ஈரமான, வீங்கிய தசைக்குள் வெடுக்கென்று இழுத்தால் ரம்பம்போல அறுக்கும். ஊசித்துளையிலிருந்து புது ரத்தம் கிளம்பும். அதை நிறுத்த இன்னொரு தையல், அதன் துளையிலிருந்து இன்னொரு கசிவு. ஊசியின் வளைவு போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். தொடர் தையலில் உதவியாளர் நூலைச் சீரான இழுப்பில் பிடித்திருக்க வேண்டும். அவர் தளர்த்தினால் முன்பு போட்ட தையல்கள் எல்லாம் தளரும். கேட்கட் என்றால், நூலின் நடுப்பகுதியை நீடில் ஹோல்டரால் கவ்வாதீர்கள். கவ்விய இடம் நைந்து, முடிச்சு போடும்போது அங்கேயே அறும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த இளம் மருத்துவர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள். முள் நூல் (உடல் முழுதும் சிறு முட்கள் கொண்ட நூல்) பற்றி: முடிச்சே தேவையில்லை, தைக்கும் நேரம் குறைகிறது. விலை அதிகம். சாதாரண நூலில் கை பழகியபின் அதற்குப் போங்கள். கருப்பையின் மேற்பகுதியில் நெடுக்கு வெட்டு போட நேர்ந்தால்: தசை தடிமன் என்பதால் 1 எண் விக்ரில் எடுத்து, இரண்டு மூன்று அடுக்காக, மூத்த மருத்துவர் அருகில் இருக்கத் தையுங்கள்.

பிரித்த உறையில் மிஞ்சிய விக்ரிலை மறுபடி கிருமிநீக்கி வைக்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். கூடாது. ஈரம் பட்ட நொடியிலிருந்தே அந்த நூல் சிதையத் தொடங்கிவிடுகிறது. சூடும் அதைக் கெடுக்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, உள்ளே எத்தனை பலம் மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. எறிந்துவிடுங்கள்.