கண்ணாடி வேலைக்கு முதல் கில்ன்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது மண்பாண்டம் சுடும் பழைய கில்ன், அதாவது மின்சூளை. 1,200 டிகிரி வரை போகும் என்றார்கள், மயங்கிவிட்டேன். அதில் வைத்த முதல் கண்ணாடித் தட்டு நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிளந்த விளிம்பைத் தடவினேன். கூர் இல்லை, வழவழவென்று உருண்டிருந்தது. அப்படியென்றால் சூடேறும்போதே உடைந்து, அதற்கப்புறம் உருகியிருக்கிறது. விளிம்பு பிளேடு மாதிரி கையை அறுத்தால், ஆறும்போது உடைந்தது என்று அர்த்தம். இந்த இரண்டையும் தவிர்க்கிற கில்னைத்தான் தேட வேண்டும். எவ்வளவு சூடாகும் என்பதில் பெரிய விஷயம் இல்லை.

படி 1: என்ன செய்யப் போகிறீர்கள்?

தட்டையான கண்ணாடியை அச்சில் வளைக்க 650–680 டிகிரி செல்சியஸ். துண்டுகளை மேலோட்டமாக ஒட்ட 750-ஐ ஒட்டி. முழுதாக உருக்கிச் சேர்க்க 800–815. இவை ஃபியூசிங் கண்ணாடிக்கான, அதாவது உருக்கி ஒட்டுவதற்கென்றே வரும் கண்ணாடிக்கான கணக்கு. ஜன்னல் கண்ணாடிக்கு இன்னும் 30, 40 டிகிரி வேண்டும். ஆக, 900 டிகிரி போகும் கில்ன் தாராளம். அரிக்கமேட்டு மணிகளைப் பார்த்து ஆசை வந்து, டார்ச் சுடரில் கண்ணாடியை உருக்கி மணி செய்யப் போகிறீர்களா? செய்த மணியை மெல்ல ஆறவிட உங்களுக்கு 500 டிகிரி சுமாரில் நிற்கிற, முன்பக்கம் சிறு கதவு வைத்த பெட்டி போதும்.

படி 2: எலிமென்ட் (சூடாகும் கம்பி) எங்கே இருக்கிறது?

மூடியைத் திறந்து பாருங்கள். மண்பாண்டக் கில்னில் சுருள் கம்பி பக்கச் சுவர்களில் ஓடும். தட்டின் ஓரம் முதலில் சூடாகும், நடு பின்தங்கும், விரிசல் விழும். என் தட்டுக்கு நடந்தது அதுதான். கண்ணாடிக்கு மூடியில் எலிமென்ட் இருக்க வேண்டும். உயரம் குறைவாக, அகலம் அதிகமாக இருப்பது நல்லது.

படி 3: கன்ட்ரோலர்

காசை இங்கே போடுங்கள். மணிக்கு இத்தனை டிகிரி ஏறு, இங்கே இத்தனை நிமிஷம் நில், இப்படி இறங்கு என்று வரிசையாகப் பதிய முடிய வேண்டும். இறங்குவதுதான் முக்கியம். 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபியூசிங் தட்டு, கண்ணாடி வகையைப் பொறுத்து 480–515 டிகிரியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்; பிறகு 370 வரை மணிக்கு 80 டிகிரி வீதம் இறங்க வேண்டும். கண்ணாடிக்குள் இறுக்கம் தங்காமல் இப்படி மெல்ல ஆறவிடுவதுதான் அனீலிங். இதைத் தவறவிட்டால் தட்டு இன்று நன்றாக இருக்கும், அடுத்த மாதம் அலமாரியிலேயே வெடிக்கலாம். இன்னொன்றும் கேளுங்கள்: கரன்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடருமா, நின்றுவிடுமா? நம் ஊரில் இது வெட்டிக் கேள்வி இல்லை. கரன்ட் போய்விட்டால் மூடியை மட்டும் திறக்காதீர்கள்.

படி 4: வீட்டு வயரிங்

16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் அதிகபட்சம் 3,680 வாட் தரும். மணிக்கணக்கில் ஓடுகிற கில்னுக்கு அந்த எல்லை வரை போகாதீர்கள்; இரண்டு, இரண்டரை கிலோவாட்டோடு நிறுத்துங்கள். தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), தனி லைன், சரியான எர்த். இன்வெர்ட்டரில் இணைக்கவே கூடாது. அமெரிக்காவிலிருந்து தெரிந்தவர் கொண்டுவருகிறேன் என்றால் லேபிளைப் பார்க்கச் சொல்லுங்கள்: 120 வோல்ட் கில்னை இங்கே அப்படியே செருகினால் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சக்தி பாயும், எலிமென்ட் தீய்ந்துவிடும்.

படி 5: உப்புக் காற்று

தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி கடற்கரைப் பக்கமோ இருந்தால், வெளிக்கூடு துருப்பிடிக்காத எஃகா என்று பாருங்கள். எலிமென்ட் முனைகளின் இணைப்பு பச்சை பூக்கிறதா என்பதை, பிளக்கைக் கழற்றிவிட்டு, அவ்வப்போது கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சும்மா கிடந்த கில்னின் செங்கல் ஈரம் இழுத்திருக்கும். கண்ணாடி வைக்காமல், மூடியை விரலளவு தூக்கி வைத்து, 100 டிகிரியில் ஓரிரு மணி நேரம் காயவிடுங்கள்.

படி 6: பணம் கொடுக்கும் முன்

கடைக்காரர் ஓட்டிக் காட்டச் சம்மதித்தால், ஒரே ஜன்னல் கண்ணாடியில் ஒரே அளவில் ஐந்து பட்டைகள் வெட்டிக்கொண்டு போங்கள். ஷெல்ஃபின் (கில்னுக்குள் கண்ணாடி வைக்கும் பலகை) நான்கு மூலையிலும் நடுவிலும், ஒவ்வொன்றையும் இரண்டு சிறு செங்கல் துண்டுகள் மேல் பாலம் மாதிரி வையுங்கள். 700 டிகிரிக்கு ஏற்றி, ஆறவிட்டு, எது எவ்வளவு தொங்கியிருக்கிறது என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். நான் இப்போது வைத்திருப்பதில் கதவோரப் பட்டை மட்டும் 4 மில்லிமீட்டர் குறைவாகத் தொங்கியது. வாங்கிவிட்டேன், அந்த மூலையில் பெரிய தட்டு வைப்பதில்லை.