மலை ஸ்டேஜை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பேசுவது

டூர் து பிரான்ஸ் என்ற மூன்று வார சைக்கிள் போட்டியை முதன்முதலாகப் பார்க்க உட்காருபவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நாலைந்து மணி நேரம் ஓட்டுகிறார்களே, கடைசி அரை மணி நேரம் மட்டும் பார்த்தால் போதாதா?" போதாது. கடைசி ஏற்றத்தில் ஒருவர் தளர்ந்து பின்தங்குவதைத்தான் நாம் பார்க்கிறோம். அவரைத் தளர வைத்த வேலை அதற்கு ஒரு மணி, இரண்டு மணி நேரம் முன்பே நடந்து முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் நான், தம்பி, அக்கா மகன், சித்தப்பா என்று நாலு பேர் ஜூலை மாதம் பூராவும் சேர்ந்து பார்க்கிறோம். பார்ப்பதைவிட அதிகம் வாதாடுகிறோம். அந்த வாதம் ருசியாக இருக்க என்னென்ன செய்யலாம் என்று சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன்: 2022 ஜூலை 13, பதினோராவது ஸ்டேஜ் (ஒரு ஸ்டேஜ் என்றால் ஒரு நாள் ஓட்டம்), அல்பேர்வில் நகரிலிருந்து கிரானோன் கணவாய் வரை. மலை ஸ்டேஜ் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் போட்டுக் காட்டுவது அந்த நாளைத்தான்.

முதலில் நேரம். பிரான்ஸில் கோடையில் நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பார்கள். அங்கே மாலை ஐந்து மணி வாக்கில் முடிகிற ஸ்டேஜ் நமக்கு இரவு எட்டரை. ஆகவே ராத்திரிச் சமையலை ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். கடைசிக்கு முந்தைய ஏற்றம் ஓடும்போது அடுப்படியில் நிற்கக் கூடாது.

காலையில் செய்ய வேண்டியது

ஸ்டேஜின் படத்தைப் போட்டியின் தளத்தில் எடுத்து, ஒரு தாளில் உங்கள் கையாலேயே வரையுங்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நாலு விஷயம் எழுதுங்கள்: நீளம், சராசரிச் சரிவு, உச்சியின் உயரம், அந்த உச்சியிலிருந்து முடிவுக் கோடு எவ்வளவு தூரம். வகை எண்ணை நான் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நாலாம் வகை லேசானது, ஒன்றாம் வகை கடினமானது, அதற்கும் மேலே எச்.சி. என்று தெரிந்தால் போதும்.

கிரானோன் நாளில் எங்கள் தாள் இப்படி இருந்தது. 151.7 கிலோமீட்டர். முதலில் மோன்வெர்னியே கொண்டை ஊசி வளைவுகள், 3.4 கி.மீ., 8.2 சதவீதம், பார்க்க அழகு, போட்டிக்குப் பெரிய விஷயமில்லை. அப்புறம் டெலெகிராஃப், 11.9 கி.மீ., 7.1 சதவீதம். கலிபியே, 17.7 கி.மீ., 6.9 சதவீதம், உச்சி 2642 மீட்டர். கடைசியாகக் கிரானோன், 11.3 கி.மீ., 9.2 சதவீதம், 2413 மீட்டர்.

சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள். கலிபியேயின் 6.9 சாதாரணமாகத் தெரியும். ஆனால் உச்சியை நெருங்க நெருங்க சரிவு கூடிக்கொண்டே போகும், காற்றோ குறைந்துகொண்டே வரும். டெலெகிராஃபுக்கும் கலிபியேக்கும் நடுவில் வல்லுவார் ஊருக்கு இறங்குகிற ஐந்து கிலோமீட்டர்தான் இடைவெளி. தாளில் இரண்டு மலை. காலுக்கு அது கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் ஒரே ஏற்றம். 2400 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கிரானோனில் கஷ்டப்பட்டவர்களைக் குறை சொல்லும் முன் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். கலிபியேயைத் தாண்டிய அதே கால்கள்தான் அங்கே மறுபடி 2000 மீட்டர் உயரத்தைத் தாண்டி ஏறின.

கிரானோனுக்கு டூர் அதற்கு முன் போனது 1986-இல். எதுவார்தோ சோசாஸ் ஜெயித்தார். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சி பெர்னார் ஈனோவிடமிருந்து கிரெக் லெமாண்டிடம் போனது. ஈனோ அதை மறுபடி அணியவே இல்லை. 2022-இல் ஓட்டியவர்கள் யாருக்கும் டூரில் அந்த மலையை ஏறிய அனுபவம் கிடையாது. இந்த மாதிரி ஒரு வரித் தகவல் கையில் இருந்தால் மலை வெறும் எண்ணாகத் தெரியாது.

ஆட்களை எண்ணுங்கள்

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். ஓர் அணிக்கு எட்டு பேர்; ஜெயிக்கக் கூடியவர் தலைவர், மற்றவர்கள் அவருக்காக உழைக்கும் தோழர்கள். மலை ஸ்டேஜ் அன்று காலை, ஜெயிக்கக் கூடியவர்கள் ஒவ்வொருவருக்கும் எத்தனை பேர் துணைக்கு மிச்சம் என்று எண்ணி எழுதுங்கள். அன்று மஞ்சள் ஜெர்சியில் இருந்தவர் டாடே போகாச்சார். யோனாஸ் விங்ககோர் 39 விநாடி பின்னால். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்த 39-ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா மட்டும் வேறு எண்ணைப் பார்த்தார். போகாச்சாரின் யு.ஏ.இ. அணியில் இரண்டு பேர் கோவிட் வந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள், ஆறு பேர்தான். விங்ககோரின் ஜம்போ-விஸ்மாவில் எட்டு பேரும் இருந்தார்கள், அதில் பிரிமோஷ் ரோக்லிச் என்ற இன்னொரு தலைவரும் உண்டு.

அணித் தோழர் எதற்கு? மலையில் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது, முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவதில் லாபம் கொஞ்சம்தான். ஆனால் இரண்டு மலைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றில் ஓட்டும்போது, ஒதுங்க ஓர் ஆள் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் மலையளவு வித்தியாசம். தண்ணீர் எடுத்துக்கொடுக்க, ஐஸ் வாங்கி வர, எதிராளி பாய்ந்தால், அதாவது திடீரென்று வேகம் கூட்டிப் பிரிந்து போனால், துரத்த எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும்.

அதனால் தொடக்கத்தில் யார் யார் முன்னால் ஓடிப்போகிறார்கள் என்பதைத் தவறவிடாதீர்கள். அன்று முதலில் பாய்ந்தவர்களில் ஜம்போவின் வௌட் வான் ஆர்ட் ஒருவர். அவர் கிரானோனை ஜெயிக்கப் போகிற ஆள் இல்லை. பின் எதற்குப் போகிறார் என்று அக்கா மகன் கேட்டான். பிற்பாடு தலைவனுக்குத் தேவைப்படும் என்றுதான். முன்னால் போயிருக்கும் ஆளை நடுவழியில் நிறுத்தி வைத்துத் தலைவனோடு சேர்த்துக்கொள்ளலாம். முன்னால் ஓடிப்போன கூட்டத்தில் ஒரு பெரிய பெயரைப் பார்த்தால் "ஜெயிப்பாரா" என்று கேட்பதற்கு முன் "யாருக்காகக் காத்திருப்பார்" என்று கேளுங்கள்.

திரையில் எதைப் பார்ப்பது

டெலெகிராஃபின் மேல் பாதியிலிருந்து கலிபியேயின் அடிவாரம் வரை நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரோக்லிச் பாய்கிறார், போகாச்சார் துரத்திப் பிடிக்கிறார். பிடித்த உடனே விங்ககோர் பாய்கிறார், மறுபடி போகாச்சார். மறுபடி ரோக்லிச். முடிவுக் கோட்டுக்கு இன்னும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது! தம்பி "இவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்து என்ன ஆகப்போகிறது" என்றான். தப்பிப் போவதற்காகப் பாயவில்லை. போகாச்சாரைத் துரத்த வைப்பதற்காகப் பாய்ந்தார்கள். பாய்கிற இரண்டு பேரும் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொள்ளலாம்; துரத்துகிறவர் ஒருவர்தான், பக்கத்தில் தோழர் யாருமில்லை. போகாச்சார் அசரவில்லை. கலிபியேயில் அவரே வேகம் கூட்டினார், ரோக்லிச் பின்தங்கினார், விங்ககோர் மட்டும் ஒட்டிக்கொண்டார். போகாச்சார் கேமராவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எங்கள் வீட்டில் மூன்று பேர் "முடிந்தது, இவர்தான்" என்றார்கள்.

முகத்தை நம்பாதீர்கள். வேறு சிலவற்றைப் பாருங்கள். தோள்: ஓட்டத்தில் அசையாத தோள் அசைய ஆரம்பித்தால் சக்தி குறைகிறது. மிதிக்கும் வேகம்: ஒருவர் இதுவரை மிதித்த தாளத்திலிருந்து திடீரென்று மெதுவானால் கவனியுங்கள். சித்தப்பா மலைப்பாதையில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொண்டை ஊசி வளைவு வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். வளைவின் உள்பக்கம் சரிவு அதிகம், வெளிப்பக்கம் குறைவு. களைத்தவர் தன்னையறியாமல் வெளிப்பக்கம் ஒதுங்குவார், வளைவைத் தாண்டியதும் முன்னவரோடு ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்திருக்கும். அதுதான் முதல் அறிகுறி என்பார். அது சரியாகவே இருந்திருக்கிறது.

சாப்பாட்டையும் பாருங்கள். இப்போதெல்லாம் மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை மாவுச்சத்து எடுத்துக்கொள்கிறார்கள். சண்டை நடந்துகொண்டே இருக்கும்போது கை பைக்குள் போக நேரமிருக்காது. ஒரு தலைவர் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று வீட்டில் ஒருவர் கவனித்தால் பின்னால் பேச உதவும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். ஏற்றத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 5 மீட்டர். பத்து விநாடி இடைவெளி என்பது வெறும் 50 மீட்டர். இறக்கத்தில் 72 கிலோமீட்டர் வேகத்தில் அதே பத்து விநாடி 200 மீட்டர். ஆகவே கண்ணுக்குத் தெரிகிற தூரத்தை வைத்துக் கத்தாதீர்கள், விநாடியைப் பாருங்கள். இன்னொன்று: கிரானோனின் 11.3 கிலோமீட்டரும் 9.2 சதவீதமும் சேர்ந்தால் சுமார் 1040 மீட்டர் உயரம். ஒருவர் அதை நாற்பது நிமிடத்தில் ஏறினால் மணிக்கு 1560 மீட்டர் உயர்கிறார். இந்த ஒரு பெருக்கல் தெரிந்தால் வெவ்வேறு மலைகளை ஒப்பிடலாம். ஆனால் காற்றும் வெயிலும் அதற்கு முன் ஏறிய மலைகளும் அந்த எண்ணுக்குள் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசி ஏற்றத்துக்கு முன்

எங்கள் வீட்டில் ஒரு விதி. கடைசி மலையின் அடிவாரம் வந்ததும் ஒவ்வொருவரும் துண்டுக் காகிதத்தில் இரண்டு பெயர் எழுதி மடித்து வைக்க வேண்டும்: யார் ஜெயிப்பார், யார் நேரம் இழப்பார். இரண்டாவது பெயர்தான் உங்களை உண்மையாகப் பார்க்க வைக்கும். எழுதியபின் மாற்ற முடியாது. இது இல்லாவிட்டால் முடிந்தபிறகு எல்லோருமே "நான் அப்பவே சொன்னேன்" என்பார்கள், அதில் பேச ஒன்றுமே இருக்காது.

கிரானோனில் முதலில் அணித் தோழர் ரஃபால் மைக்கா போகாச்சாருக்காக முன்னால் நின்று இழுத்தார். பார்க்க எல்லாம் நன்றாகவே இருந்தது. நைரோ கின்டானா முன்னால் போனார், ரொமேன் பார்தே போனார், காலையிலிருந்து முன்னால் இருந்த வாரென் பார்கி இன்னும் மேலே தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் கூட இல்லாதபோது விங்ககோர் எழுந்து பாய்ந்தார். போகாச்சார் எழவில்லை. அதுவரை ஒவ்வொரு முறையும் துரத்தியவர் இந்த ஒரு முறை துரத்தவில்லை. ஜெர்சி திறந்து காற்றில் அடித்துக்கொண்டது; கெரெயின்ட் தாமஸ், தாவீத் கோதூ, ஆடம் யேட்ஸ் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனார்கள். விங்ககோரிடம் 2 நிமிடம் 51 விநாடி இழந்து ஏழாவதாக வந்தார். மொத்தக் கணக்கில் மூன்றாவது இடத்துக்கு இறங்கினார்.

முடிந்தபின் பேசுவது

உடனே பேசாதீர்கள். முதலில் முடிவுப் பட்டியலில் பத்துப் பேரின் நேரத்தை எழுதுங்கள். ஒருவர் இழந்தாரா, எல்லோரும் இழந்தார்களா என்பது அங்கே தெரியும். எல்லோரும் இழந்திருந்தால் ஜெயித்தவர் அசாத்தியமாக ஏறினார் என்று பொருள். தான் வழக்கமாக முந்துகிற ஆட்களிடமே ஒருவர் இழந்திருந்தால் அவருக்கு என்னவோ ஆகியிருக்கிறது. கிரானோனில் இரண்டும் ஒரே நாளில் நடந்தது, அதனால்தான் அந்த வாதம் தீரவில்லை.

அடுத்து, காரணம் சொல்கிறவர் எந்த இடத்தில் அதைப் பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும். தம்பி வெயில் என்கிறான். அக்கா மகன் சாப்பாடு என்கிறான். சித்தப்பா ஆள் இல்லாமை என்கிறார். நான் சித்தப்பா பக்கம். ஆறு பேருக்கு எதிராக எட்டு பேர், பாய இரண்டு பேர், பள்ளத்தாக்கில் காத்திருந்து இழுக்க வான் ஆர்ட்: இவ்வளவும் திரையில் தெரிந்த விஷயங்கள். ஓட்டுபவரின் வயிற்றுக்குள் நடந்தது நமக்குத் தெரியாது. "மனசு உடைந்துவிட்டது", "பயந்துவிட்டார்" போன்ற பேச்சுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. அறுபது கிலோமீட்டருக்கு முன்னாலிருந்து எல்லாப் பாய்ச்சலையும் தனியாகத் துரத்தியவரைப் பயந்தவர் என்று சொல்வது நியாயமே இல்லை.

ஊக்கமருந்துப் பேச்சு எப்படியும் வரும். லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்கள் 2012-இல் பறிக்கப்பட்ட விளையாட்டு இது; கேட்கவே கூடாது என்று யாரையும் அடக்காதீர்கள். ஆனால் வேகமாக ஏறினார் என்பது மட்டுமே ஆதாரம் ஆகாது. கேள்வியாகக் கேட்கலாம், தீர்ப்பாகச் சொல்லக் கூடாது.

கடைசியில் வருகிறவர்களையும் பாருங்கள். வேக ஓட்டக்காரர்களும் களைத்துப்போன தோழர்களும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து மெல்ல ஏறுவார்கள். ஜெயித்தவரின் நேரத்துக்கு மேல் குறிப்பிட்ட சதவீதத்துக்குள் வந்து சேராவிட்டால் போட்டியிலிருந்தே வெளியேற வேண்டும். ஒளிபரப்பு முடிந்தாலும் பட்டியலில் அவர்கள் நேரத்தைத் தேடிப் பாருங்கள். நாளைக்கு யாருக்கு எத்தனை தோழர்கள் மிச்சம் என்ற கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும்.

பாரிஸில் முடிந்தபோது விங்ககோருக்கும் போகாச்சாருக்கும் இடைவெளி 2 நிமிடம் 43 விநாடி. கிரானோனில் ஒரே நாளில் விழுந்ததைவிட எட்டு விநாடி குறைவு. உங்கள் தாள்களைத் தூக்கிப் போடாமல் மூன்று வாரமும் சேர்த்து வையுங்கள். இந்த மாதிரி ஒப்பீடெல்லாம் அப்போதுதான் கிடைக்கும். அன்றிரவே அடுத்த தாளையும் வரைந்துவிடுங்கள். எங்களுக்கு அது மறுபக்கமிருந்து மீண்டும் கலிபியே, பிறகு குருவா த ஃபேர், முடிவில் ஆல்ப் துயெஸ்.