சுண்ணாம்புச் சுவர் வீட்டில் குளியலறையைப் புதுப்பித்தல்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இன்னும் நிற்கும் பழைய வீடுகள் பலவற்றின் சுவர்கள் கல், மண், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் எழுந்தவை. இத்தகைய சுவர் ஈரத்தை உறிஞ்சி, வெயில் ஏற ஏற அதை வெளியே விட்டுவிடும். அந்த வழியை அடைக்காமல் செய்வதே குளியலறை வேலையின் அடிப்படை.

ஆகவே டைல்ஸ் வாங்கப் புறப்படும் முன் சுவரில் ஓதம் (ஈரக்கசிவு) எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புழக்கடைத் தரை உட்தரையைவிட உயர்ந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரோரம் விழுகிறதா, பழைய சாக்கடை கசிகிறதா என்று சோதித்துச் சரிசெய்தபின், சில வாரங்கள் சுவரைக் காயவிட வேண்டும். இந்த இடத்தில் பொறுமை இழந்து சிமென்ட் பூசிவிட்டால், உள்ளே சிக்கிய ஈரம் சுவருக்குள்ளேயே மேலேறி, அடுத்த அறையில் உப்புப் பூத்து உதிரும். வெளிப்பக்கம் ஏற்கெனவே சிமென்ட் பூசியிருந்தால் அதைக் கொத்தியெடுத்து, சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரை குழைக்கத் தெரிந்த முதிய கொத்தனார் கிடைத்தால், அவருக்காகக் காத்திருப்பதில் தவறே இல்லை.

குளிக்கும் மூலையில் பழைய சுவரின்மேல் நேரடியாக டைல்ஸ் ஒட்டாமல், இரண்டு அங்குலம் தள்ளி மெல்லிய செங்கல் சுவர் எழுப்பி, இடைவெளியின் மேற்புறத்தில் காற்றுத் துளைகள் விட்டு, அந்தப் புதுச் சுவரில் நீர்க்காப்புப் பூச்சும் டைல்ஸும் அமைப்பதே என் பரிந்துரை. மரத்தூலங்களின்மேல் செங்கலும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு அமைத்த மெட்ராஸ் தளத்தின்மேல் குளியலறை வேண்டவே வேண்டாம். சுவருக்குள் புதைந்த தூல நுனி உளுத்துப்போவது கண்ணுக்குத் தெரியாது.

தரைக்கு மீட்டருக்கு 12 மி.மீ. அளவில் வாட்டம் கொடுத்து, நீர்க்காப்புப் பூச்சைச் சுவரிலும் ஓர் அடி ஏற்றி, வடிகாலை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகே தளக்கல் பதிக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிரானைட் அருமையான தளக்கல்தான். ஆனால் பாலிஷ் போட்ட முகம் ஈரத்தில் வழுக்கும், சொரசொரப்பான முகத்தையே கேட்டு வாங்குங்கள்.

குழாய்களைப் புதைக்கப் பழைய சுவரில் காடி வெட்டாதீர்கள்; வெளியே தெரியும்படி ஓடினால் பழுது பார்ப்பதும் எளிது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இம்மாவட்டங்களுக்கு வந்தது. எனவே அந்தக் குடிநீர் இணைப்பும் போர்வெல் குழாயும் எங்கும் ஒன்றுசேரக் கூடாது. போர்வெல் நீரின் உப்பு ஹீட்டருக்குள் படியும் என்பதால், கழற்றிச் சுத்தம் செய்ய வசதியாக அதற்குத் தனி வால்வு வையுங்கள்.

பழைய வீடுகள் பலவற்றில் எர்த் கம்பி இருப்பதில்லை. ஹீட்டரை மாட்டும் முன் எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திவிடுங்கள்.