ஊருக்குப் போகிறவர்கள் வயிற்றைக் காப்பது எப்படி?

2018 ஓகஸ்ட் விடுமுறையில் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு குடிபூரலுக்கு, புதுவீடு புகும் சடங்குக்கு, போயிருந்தோம். விடிய நான்கு மணிக்கே பின்வளவில் கிடாரம் ஏற்றி, பதினொரு மணிக்கெல்லாம் சமையல் முடித்துவிட்டார்கள். மத்தியானம் எல்லாரும் வாழையிலையில் வயிறாரச் சாப்பிட்டோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளிக்கிடும்போதுதான் மாமி விடவில்லை. "பிள்ளையள் இரவைக்குச் சாப்பிடட்டும், கொண்டு போங்கோ" என்று நான்கு பார்சல் கட்டித் தந்தா. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் ஒரே இலைக்குள், மேலே பேப்பர் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு. இரவு ஏழரைக்குப் பிரித்தபோது உள்ளே இளஞ்சூடு இருந்தது. நல்ல வேளை, இன்னும் ஆறவில்லை என்று சந்தோசப்பட்டுக்கொண்டு மகனுக்குக் கொடுத்தேன். பத்து மணிக்குச் சத்தி தொடங்கியது. விடியும்வரை நிற்கவில்லை.

அந்த இளஞ்சூடுதான் வினை என்று பிறகுதான் விளங்கியது. அரிசியில் பசில்லஸ் சீரியஸ் என்றொரு பக்டீரியா வித்து வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும். சோறு கொதித்தாலும் அந்த வித்துச் சாகாது. சோறு ஆறிவரும்போது முளைத்துப் பெருகி நஞ்சு சுரக்கும். 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடு பக்டீரியாக்களுக்குச் சொர்க்கம். வாழையிலைக்குள் கட்டிய பார்சல் எட்டு மணித்தியாலம் அந்தச் சூட்டிலேயே இருந்திருக்கிறது. இதில் மோசமான விசயம் என்னவென்றால், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. 'சூடு காட்டினால் சரி' என்று நாங்கள் எல்லாரும் நம்புகிறோமே, அது இந்த இடத்தில் உதவாது.

மாமியின் குசினியில் ஒரு குறை சொல்ல முடியாது. நிலத்தில் விழுந்ததை எடுத்துச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பிழை சுத்தத்தில் இல்லை, சமைத்ததற்கும் சாப்பிட்டதற்கும் இடையில் போன நேரத்தில். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஊரில் கடைச்சாப்பாட்டுக்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம். சொந்தக்காரர் வீட்டில் கை கழுவ மறந்தாலும் பரவாயில்லை என்றிருக்கிறோம். பிரித்தானியாவிலும் கனடாவிலும் நெருப்புக்காய்ச்சலோடு (டைபொயிட்) ஆஸ்பத்திரிக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் தெற்காசியாவில் சொந்தபந்தங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். ஹோட்டலில் தங்கும் சுற்றுலாப் பயணி ஊசி போட்டுக்கொண்டு, போத்தல் தண்ணீரோடு திரிகிறார். நாங்கள் 'ஊருக்குத்தானே போறம்' என்று ஒன்றும் செய்யாமல் விமானம் ஏறுகிறோம். சின்ன வயதில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம் என்பது உண்மைதான். ஆனால் இருபது வருடம் வெளிநாட்டில் இருந்த வயிற்றுக்கு அந்தப் பழக்கம் போய்விடும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது முதலில் இருந்ததே இல்லை.

முதல் வேலை ஊசி

டிக்கெட் எடுத்த கையோடு குடும்ப வைத்தியரிடம் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். பயணத்துக்குக் குறைந்தது இரண்டு கிழமைக்கு முன்னர் போட்டிருக்க வேண்டும். பிரித்தானியாவில் பொதுவாக இது இலவசம். மற்ற நாடுகளில் பயண மருத்துவ நிலையத்தில் காசு கட்டிப் போட வேண்டிவரலாம். போன முறை போட்டதுதானே என்று விட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று வருடத்தில் அதன் பலன் குறைந்துவிடும். வழக்கமான ஊசியை இரண்டு வயதுக்கு மேல்தான் போடுவார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு வேறு வகை உண்டா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஊசி போட்டாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அதனால்தான் இதற்குப் பின்னால் இவ்வளவும் எழுத வேண்டியிருக்கிறது.

கிணறு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துளையுமாக இருக்கும் கல் அது. மேலே எதை ஊற்றினாலும் மண்ணில் வடிகட்டப்படாமல் விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். காணிகள் துண்டு துண்டாகப் பிரிந்ததில் ஒரு வீட்டின் மலக்குழிக்குப் பக்கத்திலேயே அடுத்த வீட்டின் கிணறு வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மாரியில் நிலத்தடி நீர் மேலெழும்பும்போது இரண்டும் இன்னும் நெருங்கும். நத்தார் விடுமுறைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்திருங்கள்.

தண்ணீரைப் பார்த்தோ குடித்துப் பார்த்தோ இது தெரியாது. அடுத்த முறை போனபோது நான் ஒரு சின்னச் சோதனைப் போத்தல் கொண்டுபோனேன். உள்ளே மருந்து தோய்ந்த ஒரு கடதாசித் துண்டு இருக்கும். ஐதரசன் சல்பைட்டுச் சோதனை என்று பெயர். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் ஊர்ப்புறங்களில் பாவிப்பதற்காக உருவாக்கியது. கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பி, மூடி, குசினி யன்னலில் வைத்தேன். வாயில் விட்டால் இனிக்கிற தண்ணீர் அது, கண்ணாடி மாதிரித் தெளிவு. மறுநாள் காலை பார்த்தால் போத்தல் கரி பூசினதுபோலக் கறுத்திருந்தது. சித்தப்பா கனநேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடமாக அந்தக் கிணற்றைப் பற்றி ஊரெல்லாம் பெருமை சொன்னவர்.

கறுத்தால் மலத்தோடு தொடர்புள்ள பக்டீரியா இருக்கலாம் என்று பொருள். அது முதல் எச்சரிக்கைதான். முடிவாகச் சொல்வது ஆய்வுகூடச் சோதனை. அங்கே ஈ.கோலை பக்டீரியாவைத் தேடுவார்கள். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதுதான் அளவுகோல். அந்தப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் எங்கே சோதிப்பது, கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் போடுவது என்று சொல்வார்கள். சித்தப்பா வீட்டில் கிணற்றை இறைத்துக் குளோரின் போட்டார்கள். ஆனால் பக்கத்து மலக்குழி அங்கேயேதான் இருக்கிறது. ஆகவே நாங்கள் நின்ற நாள் முழுக்கக் கொதித்தாறின தண்ணீர்தான். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆறவைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்து, குவளையை உள்ளே விடாமல் சரித்து ஊற்றுங்கள். பல் தீட்டவும் அதே தண்ணீர்.

கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கிறது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். குழந்தைக்கு மூடி உடைக்காத போத்தல் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பாவியுங்கள்.

இனி, போகிற வீடுகளில் எப்படி மறுப்பது? "என்ன பிள்ளை, எங்கட தண்ணி இப்ப ஒத்துவராதோ?" என்று கேட்டால் மனம் நொந்துவிடும், அவர்களுக்கும் எங்களுக்கும். நான் கண்ட வழி இது: "மாமி, பச்சைத்தண்ணி வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவர். ஒரு தேத்தண்ணி போடுங்கோவன்." தேத்தண்ணித் தண்ணீர் எப்படியும் கொதிக்கும். மாமிக்கும் ஏதோ தந்த திருப்தி.

குசினி

சமைத்த சாப்பாடு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 பாகையைத் தாண்டும் நாட்களில் ஒரு மணித்தியாலம். ஊரில் ஓகஸ்டில் பல நாட்கள் அப்படித்தான். பெரிய சட்டி இறைச்சிக்கறி தனிக் கவனம் கேட்கும். கிடாரத்தின் நடுப்பகுதி ஆறப் பல மணித்தியாலம் பிடிக்கும், அதற்குள் குளோஸ்திரிடியம் வகைப் பக்டீரியா பெருகிவிடும். கலியாண வீட்டில் சாப்பிட்ட பாதிப்பேருக்கு அன்றிரவே வயிற்றைப் பிடுங்கி வயிற்றோட்டம் வருகிறதே, பல நேரம் காரணம் இதுதான். மிஞ்சியதைச் சின்னச் சின்ன அகலப் பாத்திரங்களில் பிரித்துப் போட்டால் கெதியாக ஆறும், பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். இரவு மின்சாரம் போய் நெடுநேரம் கழித்து வந்தால் அந்தப் பெட்டிச் சாப்பாட்டை நம்ப வேண்டாம். பார்சல் தந்தால் அன்போடு வாங்குங்கள், உடனே சாப்பிட முடியாவிட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். எனக்கு அது மாமியின் முகத்தில் அடிப்பதுபோலத்தான் இருந்தது. ஆனாலும் சொல்கிறேன்.

பச்சைத் தேங்காயில் அரைத்த சம்பலும் சட்னியும் காலையில் அரைத்தால் காலையிலேயே முடியட்டும். இறைச்சி வெட்டின பலகையில் வெங்காயம் வெட்டக் கூடாது. இவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்.

மீன் வேறு கதை. சூரை, கும்பளா, சூடை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், பக்டீரியாக்கள் அவற்றின் சதையில் இஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு பொரித்தாலும் அது போகாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும். மீன் ஒவ்வாமை என்று நினைத்து அந்தப் பிள்ளைக்கு ஆயுளுக்கும் மீனை விலக்கிவிடுவார்கள். உண்மையில் பிழை அந்த மீன் கிடந்த வெயிலில். கரையில் வள்ளம் வரும்போதே வாங்குங்கள், அல்லது ஐசுக்குள் புதைத்து வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். மூச்சுவிடச் சிரமம் வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கடைகளும் திருவிழாவும்

கண்முன்னே அடுப்பிலிருந்து இறங்குவதைச் சாப்பிடுங்கள்: தோசை, அப்பம், கல்லில் கொத்திக்கொண்டே இருக்கும் கொத்துரொட்டி. கண்ணாடிப் பெட்டிக்குள் காலையிலிருந்து இருக்கும் ரோல்ஸ் வேண்டாம். உப்புத்தூள் போட்ட வெட்டின மாங்காய் வேண்டாம், முழு மாங்காயை வாங்கி வீட்டில் கழுவி வெட்டுங்கள். ஐஸ் போட்ட சர்பத்தும் வேண்டாம். குளிரில் பக்டீரியா உறங்குமே தவிரச் சாகாது. இளநீர் கண்முன்னே சீவினால் நல்லது.

நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கோயில் வீதியில் எத்தனை கடை! அந்த நேரத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், ஊரில் பி.எச்.ஐ. என்பார்களே அவர்கள், கடை கடையாகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ், பழுதான உணவைக் கைப்பற்றி நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட அவர்களால் முடியும், போடுகிறார்கள். சமைப்பவரின் மருத்துவச் சான்றிதழையும் கேட்கிறார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. நெருப்புக்காய்ச்சல் கிருமியைக் காவிக்கொண்டு எந்த நோயும் இல்லாமல் ஒருவர் வருடக்கணக்கில் நடமாடலாம். நியூயோர்க்கில் வீடுகளில் சமைத்த மேரி மலன் அப்படிப்பட்டவர் என்று 1907இல் கண்டுபிடித்தார்கள். தனக்கு ஒரு வருத்தமும் இல்லையே என்று அவர் கடைசிவரை நம்ப மறுத்தார். ஒரு கடையில் பிழை கண்டால் முகநூலில் எழுதுவதோடு நிற்காமல் பி.எச்.ஐ.யிடம் முறையிடுங்கள். நீங்கள் மூன்று கிழமையில் திரும்பிவிடுவீர்கள், அந்தக் கடையில் ஊர்ப் பிள்ளைகள் தினமும் சாப்பிடுகிறார்கள்.

சுகமில்லாமல் வந்தால்

சாதாரண வயிற்றோட்டத்துக்கு முதல் மருந்து தண்ணீரும் உப்பும்தான். பாமசியில் 'ஜீவனி' என்று கேட்டால் உப்புக்கரைசல் தூள் தருவார்கள், பொதியில் சொல்லியுள்ள அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அது கிடைக்காத இரவில் ஒரு லீற்றர் கொதித்தாறின தண்ணீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும். உப்பு கூடிவிடக் கூடாது. சத்தி எடுக்கும் பிள்ளைக்குக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். என் மகன் தப்பியது அப்படித்தான். மலத்தில் இரத்தம், விடாத காய்ச்சல், சலம் போகாமை, பிள்ளை சோர்ந்து சரிதல் என்று எது வந்தாலும் அரசாங்க ஆஸ்பத்திரி. சிகிச்சை இலவசம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்சும் இலவசமாக வரும். காய்ச்சலோ இரத்தமோ இருக்கும்போது வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை போடக் கூடாது.

யாரோ தந்த அன்ரிபயோற்றிக்கை நீங்களாகவே போட வேண்டாம். தெற்காசியாவில் நெருப்புக்காய்ச்சல் கிருமி சிப்ரோபுளொக்சசின் என்ற அன்ரிபயோற்றிக்குக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. அரைகுறையாக ஏதாவது போட்டுவிட்டுப் போனால் இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையும் பிழையான முடிவு காட்டிவிடும்.

திரும்பி வந்த பிறகு

நெருப்புக்காய்ச்சல் பெரும்பாலும் கிருமி உடம்புக்குள் போய் ஒன்று இரண்டு கிழமைக்குப் பிறகுதான் தலைகாட்டும், ஒரு மாதம்கூடப் பிடிக்கலாம். அதற்குள் நீங்கள் வேலைக்குத் திரும்பியிருப்பீர்கள், பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கும். மாலையில் கூடும் காய்ச்சல், தலையிடி, பசியின்மை. வயிற்றோட்டம் இருக்க வேண்டும் என்றில்லை, மலச்சிக்கல்கூட இருக்கலாம். இங்குள்ள வைத்தியர் சாதாரணக் காய்ச்சல் என்று பனடோல் சொல்லி அனுப்பிவிடுவார். அவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்: "நான் இலங்கைக்குப் போய் இன்ன திகதிதான் திரும்பினேன். நெருப்புக்காய்ச்சலுக்கும் டெங்குக்கும் இரத்தம் சோதிக்க வேண்டும்." போன திகதியையும் வந்த திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள். காய்ச்சலோடு இருக்கும்போது அவை நினைவுக்கு வராது.